இன்னொருவர் பார்த்த பிறகுதான்

மார்ச் 3, செவ்வாய்

மேம்பாலத்துப் பக்கத்து டயாலிசிஸ் மையத்தில் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் பழுது, நாளைக் காலை ஷிப்ட் கிடையாது என்று அங்கிருக்கும் சிஸ்டர் மத்தியானமே போனில் சொன்னாள். வேலையில் இருந்தேன், பக்கத்தில் தாள் இல்லை, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி வியர்வையில் போயிருந்தது. மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். "காலையிலதான் அக்கா இல்ல, சாயங்காலம் உண்டு" என்றாள், இதைக்கூடவா ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது என்கிற குரலில்.

தளத்தில் ஏற்றினேன். தளம் என்றால் ஏதோ பெரிதாகத் தோன்றும். இங்கே இருக்கிற டயாலிசிஸ் மையங்கள் எவை, எந்த நேரத்தில் ஷிப்ட், எது என்றைக்கு மூடியிருக்கும், வேன் வருமா, என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம். அவ்வளவுதான். படம் கிடம் இல்லாத வெறும் எழுத்துப் பக்கங்கள். சிறுநீரகம் போனவர்கள் காலையில் எழுந்து பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். நேரம் தப்பாக இருந்தால் அன்றைய முறை போய்விடும். ஒரு முறை தவறினால் மறுநாள் மூச்சு வாங்கும்.

எல்லாம் 'கிட்' என்கிற மென்பொருளில் இருக்கிறது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று அது கணக்கு வைத்திருக்கும். மாற்றத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் அனுப்பினவரே வெளியிட முடியாது. இன்னொருவர் பார்த்து அப்ரூவ் கொடுத்த பிறகுதான் அது தளத்துக்குப் போகும். அப்ரூவ் கொடுக்கிற உரிமை இரண்டு பேருக்கு மட்டும். ஒன்று நான். இன்னொன்று அவன்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. வழக்கம்போல ஒரே சொல்: "சரி."

மார்ச் 5, வியாழன்

எனக்குக் கால் வலி. மாமாவுக்கும், அதாவது என் மாமனாருக்கும், கால் வலி. ஆளுக்கொரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "இப்ப யாரு யாருக்கும்மா அமுக்கி விடறது?" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் போன் பண்ணினாள். முதலில் அவள் அப்பாவைப் பற்றி, பிறகு வெயிலைப் பற்றி, பிறகு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, முடிவா என்னதான் பண்ணப் போறீங்க? அண்ணனைக் கேட்டா 'அவ என்ன சொல்றாளோ அதுதான்'ங்கறான். உங்களைக் கேட்டா 'பாக்கலாம்'ங்கறீங்க. டைவர்ஸ் பேப்பர் எல்லாம் எழுதி ரெடியா என் வக்கீல் ஃப்ரெண்டுகிட்ட தூங்குது. மதில் மேல் பூனையா இன்னும் எத்தனை நாளைக்கு?"

பாக்கலாம் என்றேன். அவள் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது.

பெரிய சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருக்கும். அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. முதலில் போய்ப் பார்க்கிறேன் என்றான். போனான். நானும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை, வா என்று அவனும் சொல்லவில்லை. மாமாவை அங்கே கூட்டிப்போக முடியாது, இங்கே கிடைத்திருக்கிற டயாலிசிஸ் இடத்தை விட்டால் அங்கே எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மாமனார் மருமகளோடு, மகன் அங்கே. ஆரம்பத்தில் போனில் பேசினோம். பேசினால் நான் ஏதாவது சொல்வேன், அவன் "மீட்டிங்" என்பான். போன மழைக்காலத்தோடு அதுவும் நின்றுவிட்டது.

நிற்காதது தளம் ஒன்றுதான். மாமாவுக்கு முதல் தடவை ஊசி குத்தின வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கட்டினோம், சாப்பாட்டு மேசையில், இரண்டு லேப்டாப், ஒரே பிளக்கு. அந்த விதியைப் போட்டதும் அவன்தான். "நீயும் நானும் பாத்தாதான் வெளிய போகணும். உயிர் விஷயம்" என்றான். பூட்டு அவன் போட்டது. அதை நான் நினைத்தாலும் தாண்ட முடியாது.

நாத்தனாரிடம் சொல்ல முடியாத விஷயம் இது. சொன்னால் சிரிப்பாள். நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் டீ ஆறுவதற்குள் ஒருவன் படிக்கிறான் என்றால், அவன் முழுக்கப் போய்விடவில்லை என்றுதானே அர்த்தம்? எத்தனை பேருடைய புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு இதைச் செய்கிறான்? இதை நம்பித்தான் பாக்கலாம் பாக்கலாம் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

மூன்று மாற்றம். மூன்றுக்கும் சரி.

மார்ச் 12, வியாழன்

வேலையில் இன்று ஒரே தாளை எட்டு தடவை படித்துப் பிழை பார்த்தேன். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற அந்தத் தாளை உலகத்தில் யாரும் படிப்பதில்லை, நானும் என் எதிர் மேசைக்காரியும் தவிர. நான் பார்த்ததை அவள் பார்க்க வேண்டும், அவள் பார்த்ததை நான். 'உணவுக்குப் பின்' என்பது ஒரு இடத்தில் 'உணவுக்கு முன்' ஆகியிருந்ததை அவள் கண்டுபிடித்தாள். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. எத்தனை வருஷ அனுபவம் இருந்தால் என்ன, சோர்ந்த கண்ணுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தால் மாமா வாசல் பக்கமே பார்த்தபடி இருக்கிறார்.

"அவன் ஏதாவது சொன்னானாம்மா?"

"என்ன மாமா?"

"இல்ல, வர்றேன் போறேன்னு ஏதாவது."

தினமும் இதே கேள்வி. சரி என்று சொன்னான் மாமா, நாளை காலை ஷிப்ட் இல்லை என்பதற்கு. இப்படியா சொல்வது? "வேலை அதிகமாம்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். நம்பின மாதிரி ஆட்டினார். அவருக்குப் பொய் சொல்வது எனக்கு அலுத்துவிட்டது. காலையில் எழுந்து மாத்திரை எடுத்து வைத்து, தண்ணீரை அளந்து ஊற்றி, வேனுக்குக் காத்து நின்று, வேலைக்கு ஓடி, திரும்பி வந்து பொய்யும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

ஒரு காரியம் செய்துவிட்டேன்.

சாப்பாடும் தண்ணீரும் பற்றிய பக்கத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கால் வீக்கம் பற்றி ஒரு பத்தி. எழுதிக்கொண்டே வரும்போது என்ன தோன்றியதோ, அதற்குக் கீழேயே அடித்தேன்: "உன் அப்பா தினமும் உன்னைக் கேட்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வந்து பார்த்துவிட்டுப் போ. என்னால் தனியாக முடியவில்லை."

அனுப்பிவிட்டேன். போன் பண்ணினால் எடுக்க மாட்டான், மெசேஜ் போட்டால் பார்த்ததற்கு நீல டிக் மட்டும் விழும். இதை அவன் பார்த்தே ஆக வேண்டும். பார்த்ததும் நிறுத்துவான். நிறுத்தினால் ஏன் என்று ஒரு வார்த்தையாவது எழுதித்தான் ஆக வேண்டும், அந்த இடத்தில் 'சரி' என்று எழுத முடியாது. என்ன எழுதுவான்? கோபமாகத்தான் எழுதுவான். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

அனுப்பின கையோடு போனை அணைத்துவிட்டேன். பார்க்க தைரியம் இல்லை. மாமாவுக்குக் கஞ்சி வைக்கப் போகிறேன்.

மார்ச் 14, சனி

ஊர் சிரிச்சுப் போச்சு.

காலையில் வழக்கம்போல டயாலிசிஸ் கூடம். மாமாவுக்கு ஊசி ஏற்றியாகிவிட்டது. பக்கத்துக் கட்டில் டீச்சர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊசி ஏறின கையை அசைக்காமல் மற்றக் கையில் போனை வைத்துக்கொண்டு தளத்தைப் பார்த்தபடி இருந்தார். அவர் எதையும் மனசுக்குள் படிக்க மாட்டார். வகுப்புக்குப் படிக்கிற மாதிரிதான்.

"கால் வீக்கம் இருந்தால் மையத்துக்கு உடனே தெரிவிக்கவும். உன் அப்பா தினமும் உன்னைக் கேட்கிறார்." நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். மீதியையும் படித்தார். 'என்னால் தனியாக முடியவில்லை' வரைக்கும், நிறுத்தி நிதானமாக.

"இது யாருக்கு எழுதினது? எங்க எல்லாருக்குமா?"

கடைசிக் கட்டில்காரர், "எங்கப்பா போய் இருபது வருஷம் ஆச்சே, இப்ப என்னத்துக்கு கேக்கறார்?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஊசி அசையும் என்று சிஸ்டர் அதட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் அதட்டினாள்.

மாமா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வராண்டாவுக்கு ஓடிப்போய்ப் போனைப் போட்டுப் பார்த்தேன். அவன் நேற்றே அப்ரூவ் பண்ணியிருக்கிறான். நான் கஞ்சிக்கு அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்பே. கீழே ஒரு வார்த்தை. சரி.

படிக்கலை. அவன் படிக்கவே இல்லை.

வராண்டாவில் நின்றபடி அந்த மூன்று வரியையும் எடுத்துவிட்டுப் புது மாற்றம் அனுப்பினேன். எடுப்பதற்கும் அவன் அப்ரூவ் வேண்டுமே. உடனே வந்துவிட்டது. சரி! அதையும் படிக்கவில்லை. என்ன எழுதியிருந்தது, என்ன எடுத்தேன், ஒன்றும் அவனுக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

வேனில் திரும்பும்போது மாமா கேட்டார், "முடியலைன்னு எழுதியிருந்தியே, அது என்னையாம்மா?"

"உங்களை இல்ல மாமா. எல்லாத்தையும்தான்."

"ம்." கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கும்தான் முடியல" என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மார்ச் 15, ஞாயிறு

யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் குரூப்பில் போட, அது சுற்றிச் சுற்றி நாத்தனாருக்குப் போய், அவள் அவனுக்கு அனுப்பியிருக்கிறாள். பல மாதத்துக்குப் பிறகு அவனே போன் பண்ணினான்.

"என்னை ஊருக்கு முன்னாடி அசிங்கப்படுத்திட்ட."

"நீ படிச்சிருந்தா உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"உன் வேலையில தப்பே இருக்காது. நீதான் ஊருக்கே பிழை பாக்கறவ. அந்த நம்பிக்கையிலதான் சரின்னு போட்டுட்டு இருந்தேன்."

"எவ்வளவு நாளா?"

"எவ்வளவு நாளான்னா? ஆரம்பத்துல படிச்சேன். அப்புறம் நேரம் இல்ல."

அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னான். மாமாவிடம் போனைக் கொடுத்தேன். "ஆங், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று ஐந்தாறு தடவை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நம்பிக்கை என்று சொன்னதுதான் உள்ளே குத்திக்கொண்டே இருக்கிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்பினானாம். ஒருத்தியை அவ்வளவு நம்பினால் அவள் என்ன எழுதுகிறாள் என்றே பார்க்க வேண்டாமா?

மார்ச் 17, செவ்வாய்

தூக்கமே இல்லை. அவன் படிக்கவில்லை என்றால், இத்தனை நாளாக நான் எழுதினதை யார்தான் பார்த்தது? யாரும் இல்லை. இரண்டு பேர் பார்த்தது என்று நினைத்து ஊர் நம்பியிருக்கிறது. பார்த்தது நான் ஒருத்தி. அதுவும் வேலை முடிந்து வந்த கண்ணோடு.

லீவு போட்டுவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 18, புதன்

கிடைத்துவிட்டது. கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மையம். சாயங்கால ஷிப்ட் மூன்று மணிக்கு. நான் ஐந்து என்று போட்டிருக்கிறேன். பக்கத்து மையத்தின் வரியைப் பார்த்து அடித்திருக்கிறேன் போலிருக்கிறது. நிறைய நாளாக அப்படியே கிடக்கிறது. கீழே அவன் அப்ரூவ். சரி.

அந்த மையத்துக்குக் கூப்பிட்டேன். "ஆமாங்க, தையல்காரர் ஒருத்தர், புதுசா சேர்ந்தவர், அஞ்சு மணிக்கு வந்து நின்னார். இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம், திருப்பி அனுப்பிட்டோம். மறுநாள் மூச்சுத்திணறலோட வந்து அட்மிட் ஆனார். இப்ப நல்லாத்தான் இருக்கார்."

நம்பர் வாங்கித் தையல்காரர் வீட்டுக்குப் பேசினேன். அவர் மனைவிதான் எடுத்தார். நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். அந்த அம்மா கத்தவில்லை. "நாங்க உங்களைத்தாங்க நம்பியிருந்தோம்" என்றார். வைத்துவிட்டார்.

திருத்தம் அனுப்பினேன். அப்ரூவ் வரும் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. இதையாவது படித்தானா? தெரியாது.

மார்ச் 22, ஞாயிறு

வந்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறான், தாடி நரைத்திருக்கிறது. மாமா காலையிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, அவன் வந்ததும் இப்போதுதான் எழுந்த மாதிரி, "யாரு, நீயா?" என்றார். இந்த வயதிலும் என்ன பிகு.

அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டான். கையும் காலும். நகவெட்டி பிடிக்கிற விதம் மாறவில்லை, நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு. நான் சமையலறைக் கதவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தையல்காரர் விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "நான் படிச்சிருந்தா பிடிச்சிருப்பேன்" என்றான், தானாகவே. "இனிமே ஒண்ணு விடாம படிக்கிறேன். சத்தியமா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அவன் போகும்போது வாசல் வரைக்கும் போனேன். "நீ தூங்கறியா சரியா?" என்று கேட்டான். தூங்கறேன் என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று ஒரு மாற்றத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். "வேன் நம்பரில் ஒரு எண் குறைகிறது. பார்." உண்மைதான், குறைகிறது. எதிர் மேசைக்காரியிடம் காட்டினேன். "இதுக்குப் போயா முகம் இப்படி மலருது?" என்றாள்.

மார்ச் 26, வியாழன்

மறுபடி ஒரு கேள்வி கேட்டிருந்தான். பதில் எழுதினேன். "ஓ, சரி" என்றான். அந்த 'ஓ'வை நாலு தடவை பார்த்தேன். நாலு கழுதை வயசாச்சு எனக்கு.

மார்ச் 30, திங்கள்

பெரிய மாற்றம். ஆறு மையத்தின் நேரமும் வெயில் காலத்துக்காக மாறுகிறது. தட்டச்சு செய்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. படிக்க எப்படியும் கால் மணி நேரம் வேண்டும்.

டீயை உதட்டில் வைப்பதற்குள் வந்துவிட்டது. சரி.

ஏப்ரல் 1, புதன்

சரி. சரி. சரி.

ஏப்ரல் 2, வியாழன்

டீச்சர் இன்று கட்டிலில் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆறு மையமும் பாத்தேன். மூணாவதுல காலை ஷிப்டும் ரெண்டாவது ஷிப்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. ஒரே கட்டில்ல ரெண்டு பேரை எப்படிப் படுக்க வைப்பீங்க?"

பார்த்தேன். ஏறத்தான் ஏறுகிறது.

"யாரு திருத்தறா இதெல்லாம்?" என்று கேட்டார். யாரும் இல்லை டீச்சர் என்று சொல்லிவிட்டேன், வாய் தவறி. விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "வாரத்துல மூணு நாள், நாலு நாலு மணி நேரம் இங்க மல்லாந்து கிடக்கேன். எனக்குச் சொல்லிக்குடு. பரீட்சைத் தாளே முப்பது வருஷம் திருத்தியிருக்கேன், இது என்ன பிரமாதம்."

ஏப்ரல் 4, சனி

டீச்சருக்குப் போனில் எப்படிப் பார்ப்பது என்று காட்டினேன். பழைய வரி சிவப்பில், புது வரி பச்சையில். "எங்க காலத்துல தப்புதான் சிவப்பு" என்றார். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிறார்.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்ரூவ் பண்ணுகிறவர்களின் பெயர் ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது. இரண்டு வரி. அவன் பெயர், என் பெயர். டீச்சர் பெயரைச் சேர்த்து மூன்றாக வைக்கலாம். வைத்தால் என்ன ஆகும்? அவன் முந்திக்கொண்டு சரி போட்டுவிடுவான், டீச்சர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள். அவன் பெயரை எடுத்தால்தான் இது நடக்கும்.

அந்தக் கோப்பை மாற்றவும் அவன் அப்ரூவ் வேண்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு, காலை

ஞாயிறு என்றால் அவனுக்கு மீட்டிங் இல்லை. அதனால் இன்று அனுப்பினேன். ஒளித்து மறைத்து எதுவும் செய்யக் கூடாது என்று விளக்கம் முழுவதையும் மேலேயே எழுதினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"பார்க்கிறவர்கள் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கிறேன். டீச்சர் பெயரைச் சேர்க்கிறேன். நீ படிக்காமல் சரி போடுவதால் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். இன்னொரு தடவை அப்படி நடக்க விடமாட்டேன். இது தளத்துக்கு மட்டும் எழுதவில்லை, நமக்கும் சேர்த்துத்தான். இதை நீ நிறுத்தினால், உனக்கு இன்னும் பேச விருப்பம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். எத்தனை நேரமானாலும் பேசலாம். சரி என்று சொன்னால், உன் தங்கை எழுதி வாங்கி வைத்திருக்கிற டைவர்ஸ் பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். நிதானமாகப் படி."

மாமா ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டார். சாப்பிடலை என்றேன்.

ஏப்ரல் 5, கொஞ்ச நேரம் கழித்து

சரி என்று போட்டுவிட்டான்.

டீ போடக்கூட இல்லை நான்.

படிச்சு சொன்னானா? படிக்காம சொன்னானா? படித்துச் சொன்னான் என்றால் இதுதான் அவன் முடிவு. படிக்காமல் சொன்னான் என்றால்? அப்போதும் அதுதான் முடிவு, இல்லையா? கேட்டுப் பார்க்கலாமா? என்னன்னு கேட்கிறது? 'நீ என்னை விட்டது தெரிஞ்சா, தெரியாமலா'ன்னா?

போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். துணி துவைத்தேன். மாமாவின் போர்வை, என் போர்வை, ஜன்னல் திரை, அழுக்கே இல்லாததையும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

டீச்சர் பார்த்த முதல் மாற்றம். ஏழு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். "'காலை' என்றால் எத்தனை மணி? 'விரைவில்' என்றால் இன்றா, அடுத்த வாரமா? 'சிறிதளவு' என்பது ஒரு அளவா?" எல்லாவற்றுக்கும் பதில் எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். ஆனால் சாப்பிட்டேன் இன்று, இரண்டு தடவை போட்டுக்கொண்டு.

ஏப்ரல் 9, வியாழன்

மாமாவிடம் சொன்னேன். வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம் என்று. என்ன எழுதினேன், அவன் என்ன போட்டான், எல்லாம்.

"அப்ப நான் எங்கம்மா போகணும்?" என்று கேட்டார்.

"நீங்க எதுக்கு மாமா போகணும்?"

"பொண்ணு வந்து கூட்டிட்டுப் போறேன்னா என்ன சொல்றது?"

"உங்களுக்குப் போகணுமா?"

"எனக்கு சனிக்கிழமை டயாலிசிஸ் இருக்கு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. டிவியைப் போடச் சொன்னார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சாயங்காலம் அவன் போன் பண்ணினான். கோபம் இல்லை, சாதாரணக் குரல்.

"தளத்துல ஏதோ கோளாறு போல. ஒரு வாரமா எனக்கு ஒண்ணுமே வரல. நீ எதுவும் அனுப்பலையா?"

"தினமும் அனுப்பறேன்."

"அப்ப எனக்கு ஏன் வரல? செட்டிங்க்ஸ்ல ஏதாவது மாறியிருக்கும். நான் வேணா பாக்கட்டுமா?"

அடுப்பை அணைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"கோளாறு ஒண்ணும் இல்ல. போன ஞாயிறு ஒண்ணு அனுப்பினேன். நீ சரின்னு போட்ட. அதுல எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"படிச்சுப் பாரு."

"நீயே சொல்லேன்."

"இல்ல. நீ படி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

மத்தியானம் வேலையில் இருக்கும்போது அறிவிப்பு வந்தது. முடிந்து மூடின அந்த மாற்றத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறான். "இப்பதான் படிச்சேன்."

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன், இன்னொரு வரி வருமா என்று. எதிர் மேசைக்காரி ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடு என்றாள். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். "நான் பாத்துட்டேன்டி" என்றாள். பரவாயில்லை என்று படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நானே நாத்தனாருக்குப் போன் பண்ணினேன். அவள் எடுத்ததும், "அண்ணி, அண்ணன் மத்தியானம் போன்ல ஒரே அழுகை, என்ன ஆச்சு?" என்றாள்.

"அந்தப் பேப்பரை அனுப்பும்மா" என்றேன்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு."

"சரி அண்ணி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல எல்லாம் அடையாளம் வச்சு அனுப்பறேன். அஞ்சு நிமிஷ வேலை. நீங்க உக்காந்து படிச்சுட்டு இருக்க வேணாம்."

"இல்லம்மா, அடையாளம் வேண்டாம்" என்றேன். "நான் படிச்சுட்டே போடறேன்."